உள்ளங்கையில் ஊற்றியது சாப்பாடு ஆகாது

மே 26

தினமும் என்ன சாப்பிடுகிறேன் என்று எழுதி வைக்க வேண்டுமாம். பெனிட்டா மேடத்தின் உத்தரவு. மதுரை ஆஸ்பத்திரியில் யார் எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று சொல்வதற்கென்றே உட்கார்ந்திருக்கும் பெண் அவர். அப்பளக் கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

காலை: இட்லி இரண்டு. மதியம்: சோறு ஒரு கரண்டி, கீரை, மோர். இரவு: சப்பாத்தி இரண்டு. கோவில்பட்டி கல்யாணச் சமையல் தளவாய் மாஸ்டர் இவ்வளவுதான் தின்கிறான் என்று சொன்னால் நாய்கூட நம்பாது.

எதற்காக இந்தக் கூத்து என்பதையும் எழுதிவிடுகிறேன். என் தங்கை உலகம்மாளின் வீட்டுக்காரர் நாயகத்துக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. குடி கிடையாது. பாக்குகூடப் போடாத மனிதர். சர்க்கரை இருந்தது, கல்லீரலில் கொழுப்பு இருந்தது, அது முற்றி இந்தக் கதிக்கு வந்துவிட்டது என்கிறார்கள். இன்னொருவர் கல்லீரலில் ஒரு பாதியை எடுத்து வைத்தால் பிழைப்பார். அதுவும் ஆவணி முடிவதற்குள் வைக்க வேண்டும். உலகம்மாளின் ரத்தம் சேரவில்லை. அவர்கள் மகள் தர்ஷினி இப்போதுதான் பத்தாம் வகுப்பு. நாயகம் அவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. மிச்சம் இருப்பது நான். என் ரத்தம் எல்லாருக்கும் சேருமாம். "குணந்தான் சேராது" என்று என் வீட்டுக்காரி மரகதம் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே சொன்னாள்.

ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் என் கல்லீரலிலும் கொழுப்பு. இந்தக் கொழுப்போடு எடுத்தால் கொடுக்கிறவனுக்கும் ஆபத்து, வாங்குகிறவருக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். கரைத்துக்கொண்டு வந்தால் பார்க்கலாமாம்.

எனக்கும் நாயகத்துக்கும் மூன்று வருடமாகப் பேச்சு கிடையாது. தர்ஷினியின் சடங்கு விருந்தில், நான் ஆக்கிய சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, முழுப் பந்தியும் கேட்கும்படி "உப்பு கூட" என்று குறை சொன்னவர் அவர். ஆகவே இதை நான் அவருக்காகச் செய்யவில்லை. தங்கைக்காகச் செய்கிறேன். இதுவும் டைரியில் இருக்கட்டும்.

மே 28

எட்டயபுரம் ரோடு மண்டபத்தில் கல்யாணம்.

காலை: இட்லி ஒன்று. மதியம்: மோர். இரவு: ஒன்றும் இல்லை.

கேசரியில் நெய் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். பாதாம் அல்வா இறுகுகிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். பாயசம் இரண்டு அண்டா. இரண்டும் ஒரே ருசியில் இருக்க வேண்டும் அல்லவா, அதனால் மாறி மாறிப் பார்த்தேன். மற்றபடி பச்சைத் தண்ணீர்தான். என் மன உறுதியை நினைத்து எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

ஜூன் 3

மதுரை. டாக்டர் எங்கள் எல்லாரையும் உட்கார வைத்து விளக்கம் சொன்னார். நாயகமும் வந்திருந்தார். மஞ்சள் பூசிய மாதிரி இருக்கிறார். கண்கூட மஞ்சள். மனிதர் இப்படி இளைப்பார் என்று நான் நினைக்கவில்லை. வயிறு மட்டும் முன்னால் நிற்கிறது. உள்ளே இருப்பது நீராம்.

டாக்டர் நல்ல மாதிரி. என் தொழிலைக் கேட்டுவிட்டு அதிலேயே சொன்னார்.

"கல்லீரல்ல கோடிக்கணக்கா செல் இருக்கு மாஸ்டர். ஒவ்வொண்ணையும் ஒரு ஸ்டோர் ரூம்னு வச்சுக்கோங்க. தேவைக்கு மேல சரக்கு வந்தா அது திருப்பி அனுப்பாது. எண்ணெயா மாத்தி உள்ளயே அடுக்கிக்கும். அது வியாதி இல்ல, சமாளிப்பு. வரத்து குறைஞ்சா தானாவே காலி பண்ணிரும்."

சமாளிக்கவும் ஓர் அளவு உண்டாம். அளவு தாண்டினால் செல் செத்துவிடும். செத்த இடத்தில் தழும்பு விழும். தழும்பின் மேல் தழும்பு விழுந்து கல்லீரல் கல்லாகிவிடும். அடிப்பிடித்த அண்டா என்று நான் புரிந்துகொண்டேன். என்னுடையது எண்ணெய் டின் அடுக்கிய நிலையில் இருக்கிறது. இறக்கிவிடலாம். நாயகத்துடையது அடிப்பிடித்துவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் வராது.

பிறகு என் வலது கையைப் பிடித்து, கட்டைவிரல் இடுக்கில் கரண்டி பிடித்துக் காய்த்திருக்கும் இடத்தைக் காட்டினார். உரசல் கூடினால் தோல் தடித்துக்கொள்கிறது, அதுவும் செல்கள் செய்கிற சமாளிப்புதான் என்றார். மூன்று வருடம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய்த் தன் காது காய்த்துவிட்டதாகவும், அதற்கும் ஸ்கேன் உண்டா என்றும் உலகம்மாள் கேட்டாள்.

கேட்க மாட்டாளா என்ன. டாக்டர் அறையிலேயே அதுதான் நடந்தது. "உங்க அண்ணன் பயப்படுதாகளான்னு கேளு" என்று நாயகம் அவளிடம் சொன்னார். "பயம் இல்லன்னு சொல்லு" என்று நான் அவளிடம் சொன்னேன். மூன்று நாற்காலியும் ஒட்டித்தான் போட்டிருந்தது.

எழுந்து வரும்போது டாக்டரிடம் தனியாக ஒன்று கேட்டேன். வெறும் இனிப்பும் நெய்யும் தின்று ஒருவருக்கு இப்படி ஆகுமா என்று. சர்க்கரை வியாதி, பரம்பரை, உடம்பு வாகு என்று பலதும் சேர்ந்துதான் ஆகும், எதையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது என்றார். பொதுவாகத்தான் கேட்டேன்.

ஜூன் 5

காலையில் நடந்தேன். பாதி வழியில் நாய் துரத்தியதால் மிச்சத்தை ஓடினேன். நாய்க்கும் நல்லது.

ஜூன் 8

பசி.

ஜூன் 16

இரட்டை முகூர்த்தம். காலை: இட்லி ஒன்று. மதியம்: வெள்ளரிக்காய். இரவு: மோர். ஜாங்கிரி பாகில் ஊறிவிட்டதா என்று அவ்வப்போது பார்த்ததைத் தவிர வாய் திறக்கவில்லை. முருங்கைக்காயாகிவிடுவேன் போலிருக்கிறது என்று மரகதத்திடம் சொன்னேன். அவள் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

ஜூலை 2

இரண்டாவது ஸ்கேன். கொழுப்பு அப்படியே இருக்கிறது. ஒரு இம்மி குறையவில்லை.

மெஷின் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியே சொல்லியும் பார்த்தேன். பெனிட்டா மேடம் டைரியை வாங்கிப் புரட்டினார். சாப்பாட்டு வரிகளை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு, சமைக்கும்போது ருசி பார்ப்பேனா என்று கேட்டார். ருசி பார்க்காமல் எந்த மாஸ்டர் சமைப்பான்?

அது இதில் எழுதவில்லையே என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ருசி பார்ப்பது என்றால் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்குவது. இலை போட்டு, உட்கார்ந்து, தண்ணீர் தெளித்துச் சாப்பிட்டால்தான் சாப்பாடு. என் குருநாதரும் இப்படித்தான். விரத நாளில்கூட நாள் முழுக்க ருசி பார்ப்பார், விரதம் கலைந்தது என்று ஒரு சாமியும் அவரைக் கோபித்ததில்லை. இதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன்.

மேடமும் பொறுமையாகக் கேட்டார். அடுத்த கல்யாணத்தில் ஒரு பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். வாயில் போட நினைக்கும்போதெல்லாம் போடாமல், அதே அளவை அந்தப் பாத்திரத்தில் போட வேண்டும். சாயங்காலம் நானே அதைப் பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாமாம். சாமிக்குக் கணக்கு தெரியாமல் போகலாம், கல்லீரலுக்குத் தெரியும் என்றார். சின்னப் பெண், நன்றாகத்தான் பேசுகிறாள்.

வெளியே வந்தால் உலகம்மாள் வராண்டாவில் நிற்கிறாள். நாயகத்தை நேற்று படுக்கையில் சேர்த்துவிட்டார்களாம். வயிற்று நீரை ஊசி வைத்து எடுக்கிறார்களாம். ஸ்கேன் எப்படி என்று கேட்டாள். நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

ஜூலை 7

கல்யாணம். பாத்திரம் தேடினேன். எல்லாமே பெரிது அல்லது சின்னது. பரணில் பழைய தூக்குவாளி ஒன்று இருந்தது, அதை எடுத்துக்கொண்டு போனேன்.

பத்து மணிக்குள் வாளி பாதி. கேசரி, அதன் மேல் பாயசம், அதன் மேல் போண்டா மாவு, அதற்குள் புதைந்து ஒரு முழு லட்டு. லட்டை உருண்டை பிடித்தால் நிற்கிறதா என்று பார்க்க ஒரு முழு லட்டு வேண்டும். அது என் தொழில் முறை. பந்தி முடியும்போது வாளி நிறைந்து வழிந்தது. மூடி போட முடியவில்லை.

ஒரு மனிதன் ஒரே நாளில், ஒன்றும் சாப்பிடாமல், தின்கிற தீனியா இது? வெட்கமாகப் போய்விட்டது.

வாளியைத் தூக்கினேன். இந்தக் கனம் என் கைக்குத் தெரிந்த கனம். ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் இதே வாளியில் இனிப்பு நிரப்பி உலகம்மாள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவேன். போன கார்த்திகை வரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். பேச்சு இல்லாத மூன்று வருடமும் வாளி போய்க்கொண்டுதான் இருந்தது. தர்ஷினிக்காக. தர்ஷினிக்கு இனிப்பே பிடிக்காது என்பது வேறு விஷயம். வாளி எப்போதும் கழுவித் துடைத்துத்தான் திரும்பி வரும்.

அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். என்ன மாஸ்டர் என்று என் கையாள் சுடலை பதறிக்கொண்டு வந்தான். வெங்காயம் என்றேன். வெங்காயம் காலையிலேயே வெட்டி முடிந்திருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை.

இன்று முதல் உள்ளங்கையில் ஒரு சொட்டும் கிடையாது.

ஜூலை 13

கல்யாணம். வாயைக் கட்டிக்கொண்டு சமைத்தேன். வாசனையும் கண்ணும் போதும், இத்தனை வருட அனுபவம் எதற்கு இருக்கிறது? ரசத்தை மட்டும் சுடலையை ருசி பார்க்கச் சொன்னேன். "அமிர்தம் மாஸ்டர்" என்றான். பந்தியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெண்ணுக்கு அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ரொம்பத் திருப்தி என்றார்.

மிச்ச ரசம் கொஞ்சம் வீட்டுக்கு வந்தது. மரகதம் அதை ஊற்றிச் சாப்பிட்டாள். சாப்பிடச் சாப்பிடச் செம்புத் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. இரண்டாவது செம்புக்கு அவள் எழுந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது.

நாக்கில் ஒரு சொட்டு வைத்தேன். திருச்செந்தூர்க் கடலில் வாய் கொப்பளித்த மாதிரி இருந்தது. நானும் உப்புப் போட்டிருக்கிறேன், சுடலையும் போட்டிருக்கிறான். முழுக் கல்யாணமும் அதைக் குடித்துவிட்டு அருமை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று மரகதத்திடம் கேட்டேன்.

"உப்பு கூடன்னு சொன்னதுக்கு மாப்ளகிட்ட மூணு வருசமாப் பேசாம இருக்கீக. நான் வேற சொல்லி எங்கிட்டயும் பேசாமப் போனா, நான் யாருகூடச் சண்டை போட?"

சுடலையும் அதற்குத்தான் பயந்திருக்கிறான். நினைத்துப் பார்த்தால், மூன்று வருடமாக என் சமையலில் ஒரு குறையும் யாரும் சொன்னதில்லை. என் கைப்பக்குவம் அவ்வளவு ஏறிவிட்டது என்றல்லவா இருந்தேன்.

சடங்கு அன்றைய சாம்பாரைப் பற்றி இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

ஜூலை 16

ஆனியின் கடைசிக் கல்யாணம். நான் ருசி பார்க்க முடியாது, சுடலையை நம்ப முடியாது. நாயகம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டில்தான் இருக்கிறார். மண்டபத்திலிருந்து நாலு தெருதான். ஒரு டம்ளர் சாம்பாரை மூடி, ஆட்டோவில் கொடுத்தனுப்பினேன். தங்கைக்கு.

கொஞ்ச நேரத்தில் உலகம்மாள் போன் செய்தாள். "அண்ணே, அவுக நாக்கு நுனில வச்சுப் பாத்துட்டுத் துப்பி வாய் கொப்பளிச்சிட்டாக. விழுங்கல, நான் பாத்துக்கிட்டே இருந்தேன். உப்பு சரியா இருக்காம். புளி கொஞ்சம் தூக்கலாம்னு சொல்லச் சொன்னாக."

நாக்கு நுனியில் வைத்தாலே புளி தெரிகிறதாம். பெரிய இவர்.

சாம்பாரில் இரண்டு செம்பு வெந்நீரும் ஒரு கை வெல்லமும் சேர்த்தேன். அது வேறு காரணத்துக்காக.

சாம்பார் மூன்றாம் பந்தியில் தீர்ந்துவிட்டது.

ஜூலை 17

ஆடி பிறந்தது. இனி ஒரு மாதத்துக்குக் கல்யாணம் கிடையாது. வருடா வருடம் ஆடி வந்தால் பிழைப்புப் போச்சே என்று புலம்புவேன். இந்த வருடம் கும்பிட்டு வரவேற்றேன்.

காலை: கேழ்வரகுக் கூழ். மதியம்: சோறு ஒரு கரண்டி, கீரை, சுண்டல். இரவு: கோதுமைத் தோசை ஒன்று. உள்ளங்கை: ஒன்றும் இல்லை.

ஜூலை 24

வேட்டி நிற்கவில்லை. பெல்ட் போட்டேன்.

ஜூலை 29

ஆவணிக் கல்யாணத்துக்குப் பேச ஒரு கோஷ்டி வந்தது. என்னைப் பார்த்துவிட்டு, தளவாய் மாஸ்டர் எங்கே என்று என்னிடமே கேட்டார்கள். நான்தான் என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார்கள். தான் சமைத்ததைத் தானே தின்னாத சமையல்காரனை எவன் நம்புவான்? இத்தனை நாளும் என் கடைக்குப் போர்டு கிடையாது. வயிறுதான் போர்டு. இப்போது போர்டைக் கழற்றிவிட்டோமே என்று ஒரு நிமிடம் கவலையாக இருந்தது. பிறகு கூழ் குடித்தேன்.

ஆகஸ்ட் 6

மூன்றாவது ஸ்கேன். கொழுப்பு கரைந்துவிட்டது. கிட்டத்தட்ட முழுக்க. ஸ்டோர் ரூமைக் காலி செய்து பெருக்கிவிட்டீர்கள் என்றார் டாக்டர். பெனிட்டா மேடம் எழுந்து வந்து கைகொடுத்தார்.

என் செல்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. இத்தனை வருடம் நான் கொட்டியதை எல்லாம் வாங்கி அடுக்கிக்கொண்டு, ஒரு நாள் நிறுத்தியதும், ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்து வெளியே வைத்திருக்கின்றன. என் வீட்டில் அந்த மாதிரி யாரும் கிடையாது.

ஆனால் இன்னொரு பூதம் கிளம்பியிருக்கிறது. மச்சான், மாப்பிள்ளை உறவெல்லாம் சட்டத்தில் நெருங்கிய சொந்தம் இல்லையாம். அண்ணன் தம்பி, பெற்றோர், பிள்ளை, புருஷன் பெண்சாதி என்றால் சுலபமாம். எங்கள் மாதிரி ஆட்கள் ஒரு குழுவுக்கு முன்னால் போய், பாசத்தால்தான் கொடுக்கிறேன், வற்புறுத்தலும் இல்லை, காசும் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அவர்கள் ஒப்பினால்தான் ஆபரேஷன். பழைய போட்டோக்களைக் கொண்டு வர வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற போட்டோ.

கொழுப்பைக் கரைத்துவிட்டேன். பாசத்துக்கு எங்கே போவேன்?

ஆகஸ்ட் 10

உலகம்மாள் வீட்டில் எல்லா ஆல்பத்தையும் இறக்கித் தரையில் பரப்பினோம். அவள் கல்யாணம், தர்ஷினியின் காதுகுத்து, வீட்டுப் பால்காய்ச்சு, சடங்கு. எதிலும் நானும் நாயகமும் சேர்ந்து இல்லை. சண்டைக்கு முன்னால் எடுத்ததிலும் இல்லை. எப்படி இருக்கும்? எல்லா விசேஷத்துக்கும் சமையல் நான். குடும்பமே கூடி நின்று போட்டோ எடுக்கும்போது நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருப்பேன். சடங்கில் மருமகளுக்கு மாலை போட ஓடி வந்தது ஒன்று இருக்கிறது. அதில் நாயகம் இல்லை.

நாயகம் கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேசினால் மூச்சு வாங்குகிறது. கை நடுங்குகிறது. இந்தப் படங்கள் இல்லாமல் போனதால் மனிதர் போய்விடுவார் என்றால் அதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரம் என்று தெரியவில்லை.

தர்ஷினிதான் கண்டுபிடித்தாள். "மாமா, இந்தக் கை யாருது?"

காதுகுத்துப் பந்தி. நாயகம் இலை முன்னால் உட்கார்ந்து சிரிக்கிறார். படத்தின் ஓரத்தில் ஒரு கை, வாளியிலிருந்து கரண்டியில் எடுத்து அவர் இலையில் ஊற்றுகிறது. ஆள் இல்லை, கை மட்டும். மணிக்கட்டுக்கு மேலே அரை நிலா மாதிரி தழும்பு. முதன்முதலாக அதிரசம் சுடப் பழகியபோது எண்ணெய் தெறித்து விழுந்தது.

பிறகு பார்த்தால் எல்லா ஆல்பத்திலும் இருக்கிறது. கல்யாணப் பந்தியில் அந்தக் கை. பால்காய்ச்சில் அந்தக் கை. சடங்கில், சாம்பார் வாளியோடு அந்தக் கை.

மரகதம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாஸ்டர் பந்தியில எறங்கிப் பரிமாறக்கூடாதும்பீக. அது மரியாதக் கொறச்சல்னு சொல்லுவீக."

அன்றைக்கெல்லாம் ஆள் பற்றாக்குறை.

ஆகஸ்ட் 14

குழு. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள்.

போட்டோக்களைக் கொடுத்தேன். இதில் நீங்கள் எங்கே என்று அந்த அம்மா கேட்டார். சட்டைக் கையைச் சுருட்டி, மேஜை மேல் கையை வைத்தேன். மூன்று பேரும் போட்டோவைப் பார்ப்பதும் தழும்பைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். ஒருவர் பூதக்கண்ணாடிகூட எடுத்தார். கல்லீரலைக் கொடுக்க வந்த இடத்தில் கையை இவ்வளவு நேரம் பார்ப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

யாராவது பணம் தருவதாகச் சொன்னார்களா என்றார். இல்லை. வற்புறுத்தினார்களா? இல்லை. இரண்டு பேருக்கும் நல்ல பழக்கம்தானே?

பொய் சொல்லலாம் என்றுதான் போயிருந்தேன். வாயில் வரவில்லை. மூன்று வருடமாகப் பேச்சு இல்லை என்றேன். காரணமும் சொன்னேன். மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

அப்படியானால் ஏன் கொடுக்கிறீர்கள் என்றார் அந்த அம்மா.

"ஊரு ஊரா ஆக்கிப் போட்டிருக்கேம்மா. எல்லாரும் அருமைன்னுதான் சொல்லுவாக. கடல்தண்ணி மாதிரி ரசம் வச்சாலும் அருமைன்னுட்டுப் போவாக. உப்பு கூடன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னது அவரு ஒருத்தருதான். அந்த ஆளும் போயிட்டா, எனக்கு யாரு சொல்லுவா?"

பிறகு அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அன்றைக்கு உப்பு கூடத்தானா என்று கேட்டார்.

கேள்வி காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

நாயகத்தையும் அந்தக் கையைப் பற்றிக் கேட்டார்களாம். அந்தக் கை வந்து ஊற்றுகிற வரைக்கும் இலையில் கை வைக்க மாட்டேன் என்றாராம். உலகம்மாள் சொல்லும்போதே அழுதுவிட்டாள். நான் பஸ் வருகிறதா என்று பார்க்கப் போனேன்.

ஆகஸ்ட் 21

அனுமதி வந்துவிட்டது.

ஆகஸ்ட் 27

நாளை ஆபரேஷன். பயமாக இருக்கிறது. டாக்டரிடம் இல்லை என்றுதான் சொன்னேன். மரகதத்திடமும் இல்லை என்றேன். இங்கே எழுதலாம்.

பாதியை எடுத்துவிட்டால் மிச்சம் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டேன். விட்டுவைத்த செல்கள் முதலில் உப்பிக்கொண்டு இரட்டை வேலை பார்க்குமாம். பிறகு ஒன்று இரண்டாகப் பிரிந்து, பெருகி, சில மாதத்தில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடுமாம். அங்கே வைத்த பாதியும் அதே மாதிரி வளருமாம். முகூர்த்த நாளில் பாதி ஆள் வராமல் போனால் நாங்கள் செய்வதும் அதுதான். இருக்கிறவன் இரண்டு அடுப்பைப் பார்த்துக்கொள்வான், அதற்குள் ஆள் சொல்லி அனுப்புவோம். பந்தி நின்றதில்லை.

நாயகத்தின் கட்டில் பக்கத்து அறையில். கதவு திறந்திருந்தது. நான் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை. உலகம்மாள் மட்டும் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தாள்.

சாப்பிட்டது: ஒன்றும் இல்லை. உண்மையாகவே.

ஆகஸ்ட் 31

வலிக்கிறது.

செப்டம்பர் 1

தும்மினேன். இனி ஜென்மத்துக்கும் தும்ம மாட்டேன்.

செப்டம்பர் 2

காற்று பிரிந்தது. நர்ஸ்கள் மலர்ந்த முகத்தோடு எழுதிக்கொண்டார்கள். இந்தச் செய்கைக்கு என்னை யாரும் இதுவரை பாராட்டியதில்லை.

நாயகத்துக்கு நினைவு திரும்பிவிட்டது. கண்ணில் மஞ்சள் இறங்குகிறதாம்.

செப்டம்பர் 9

வீட்டுக்கு வந்துவிட்டேன். கரண்டி தூக்கக்கூடாது. மரகதம் சமைக்கிறாள். உப்பு சரியாக இருக்கிறது. சொல்லவில்லை.

அக்டோபர் 12

நாயகமும் வீடு வந்துவிட்டார். உள்ளே போன பாதி நன்றாக வேலை செய்கிறதாம். எனக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். மிச்சம் இருந்தது பெரும்பகுதி வளர்ந்துவிட்டது. கொழுப்பு இல்லாமல்.

உப்பு மட்டும் இன்னும் அளந்துதான் போட வேண்டும் அவருக்கு. பெனிட்டா மேடம் சின்னக் கரண்டி ஒன்றைக் காட்டி, இதற்கு மேல் கூடாது என்றிருக்கிறார். இன்று நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தக் கரண்டி அளவில் மிளகு ரசம் வைத்தேன். பரணிலிருந்து தூக்குவாளியை இறக்கினேன். அதில் ஊற்றிக்கொண்டு நானே போனேன். மரகதமும் கூட வந்தாள்.

நாயகம் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தார். கன்னம் கொஞ்சம் தேறியிருக்கிறது. தர்ஷினி இலை போட்டாள். சோறு வைத்தாள். அவர் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் வாளியைத் திறந்து, குனிய முடியாமல் குனிந்து, ஒரு கரண்டி ரசத்தை அவர் இலையில் ஊற்றினேன்.

பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். உலகம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். மரகதம் என் பின்னால் நின்று வேட்டியைப் பிடித்துக்கொண்டாள், நான் கோபித்துக்கொண்டு போய்விடுவேன் என்று பயந்து.

நாயகம் நிமிர்ந்து உலகம்மாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மச்சான், உப்பு கம்மி."

நான் கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தேன்.

"ஆமா மாப்ள. கம்மிதான். அன்னைக்கு உப்பு கூடத்தான்."

சாப்பிட்டது, காலை: இட்லி இரண்டு. மதியம்: தங்கை வீட்டில் சோறு, ரசம், கீரை. உள்ளங்கை: ரசம், ஒரு வாய்.